ஐக்கிய அமெரிக்காவில் டிப்ஸ் வழங்கும் வழக்கம்

டிப்ஸ் என்பது, ஒரு சேவையைப் பெற்றவர் அதற்குரிய கட்டணத்துக்கு மேலாகச் சேவை செய்த ஊழியருக்குத் தாமாக விரும்பி அளிக்கும் பணம் ஆகும். உலகின் பல நாடுகளில் இவ்வழக்கம் காணப்படுகின்ற போதிலும், ஐக்கிய அமெரிக்காவில் இது தனித்தன்மை வாய்ந்த ஒன்றாக உள்ளது. அங்கே டிப்ஸ், வாடிக்கையாளரின் தாராள மனத்தைக் காட்டும் சிறு கொடையாக மட்டும் இல்லாது, பல இலட்சக்கணக்கான ஊழியர்களின் ஊதியத்தில் ஒரு பகுதியாகவும், சட்டத்தினால் அவ்வாறே கணக்கிடப்படுவதாகவும் அமைந்துள்ளது. உணவகங்களில் டிப்ஸ் கொடுப்பது ஏறத்தாழக் கட்டாயம் என்னும் அளவுக்கு வேரூன்றியுள்ளது. தங்கும் விடுதிகளில் அறைகளைத் துப்புரவு செய்யும் ஊழியர்களுக்குக் கொடுப்பதோ இன்றுவரை தெளிவற்ற வழக்கமாகவே இருந்து வருகின்றது.

சொல்

ஆங்கிலத்தில் "டிப்" என்னும் வினைச்சொல், 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருடர்களும் நாடோடிகளும் பயன்படுத்திய குழூஉக்குறி மொழியில் "கொடு", "கைமாற்று" என்னும் பொருளில் வழங்கியது. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பணியாளருக்குச் சிறு பணம் கொடுப்பதைக் குறிக்கலாயிற்று. "விரைவான சேவையை உறுதிப்படுத்த" என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களில் இருந்தே இச்சொல் உருவானது என்னும் கதை பரவலாகச் சொல்லப்படினும், அதற்குச் சான்று எதுவும் இல்லை.

தமிழில் இச்சொல்லின் பன்மை வடிவமான "டிப்ஸ்" என்பதே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாகப் பேச்சில் வழங்குகின்றது. "இனாம்" என்னும் சொல்லும் முன்னர் இப்பொருளில் பயன்பட்டது. எனினும் இனாம் என்பது அரசரோ அரசோ வழங்கும் நிலக்கொடையையும் குறிக்கும் ஆதலால் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல.

வரலாறு

ஐரோப்பியத் தோற்றம்

17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் செல்வர் இல்லங்களில் விருந்தினராகத் தங்குவோர், புறப்படும்போது அவ்வீட்டின் வேலையாட்களுக்குப் பணம் கொடுத்தல் வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. வேலையாட்கள் வாசலில் வரிசையாக நின்று இதனை எதிர்பார்த்தனர். வசதி குறைந்த விருந்தினர் இதற்கு அஞ்சியே அழைப்புக்களைத் தவிர்த்தனர் எனக் கூறப்படுவதுண்டு. 1760 களில் எடின்பரோவிலும் இலண்டனிலும் இவ்வழக்கத்தை ஒழிப்பதற்கு மேட்டுக்குடியினர் முயன்றபோது, வேலையாட்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1764 இல் இலண்டனில் இதன் காரணமாகக் கலகமும் ஏற்பட்டது. முதலாளி கொடுக்க வேண்டிய ஊதியத்தை விருந்தினர் கொடுப்பதா என்னும் கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

அமெரிக்காவில் பரவல்

ஐக்கிய அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போருக்குப் பின்னரே இவ்வழக்கம் பெருமளவில் பரவியது. ஐரோப்பாவுக்குச் சுற்றுலா சென்று திரும்பிய செல்வந்தர்கள் அங்கே கண்ட பழக்கத்தைத் தமது நாட்டிலும் கடைப்பிடிக்கலாயினர். இதே காலத்தில் அடிமைத்தனத்தில் இருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பெரும் எண்ணிக்கையில் வேலை தேடினர். உணவகங்களும் விடுதிகளும் தொடருந்து நிறுவனங்களும் அவர்களை மிகக் குறைந்த ஊதியத்தில் அமர்த்தி, மீதியைப் பயணிகளிடம் இருந்து பெற்றுக்கொள்ளுமாறு விட்டுவிட்டன.

இதற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு புல்மன் நிறுவனம் ஆகும். 1867 இல் ஜார்ஜ் புல்மன் என்பவரால் நிறுவப்பட்ட இந்நிறுவனம், படுக்கை வசதி கொண்ட தொடருந்துப் பெட்டிகளை இயக்கியது. படுக்கை விரித்தல், காலணிகளுக்கு மெருகூட்டல், பொதிகளைத் தூக்குதல் ஆகிய பணிகளுக்கு விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களை அது அமர்த்தியது. இவர்கள் "புல்மன் போர்ட்டர்கள்" எனப்பட்டனர். பயணிகள் பலர் இவர்களின் சொந்தப் பெயரைக் கேட்காமல், முதலாளியின் பெயரால் "ஜார்ஜ்" என்றே விளித்தனர். அடிமைகளை உடைமையாளரின் பெயரால் அழைத்த பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாக இது கருதப்படுகின்றது.

1915 இல் தொழிலுறவுகள் பற்றி ஆராய்வதற்கு அமைக்கப்பட்ட கூட்டரசு ஆணையத்தின் முன்னர் புல்மன் நிறுவனத்தின் ஊதிய முறை விசாரிக்கப்பட்டது. அப்போது போர்ட்டர் ஒருவரின் தொடக்க ஊதியம் மாதம் 27.50 டாலர் ஆக இருந்தது. நிறுவனத்தின் தலைவரும், முன்னாள் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் மகனுமான ராபர்ட் டாட் லிங்கன் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். அடிமைத்தனத்தை ஒழித்தவரின் மகன், விடுதலை பெற்றவர்களின் வழித்தோன்றல்கள் பயணிகளின் ஈகையை நம்பி வாழும் முறைக்குப் பொறுப்பானவராக நின்றது பலராலும் சுட்டிக்காட்டப்பட்டது.

1925 இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் போர்ட்டர்களின் தொழிற்சங்கம் தோற்றம் பெற்றது. பன்னிரண்டு ஆண்டுகாலப் போராட்டத்தின் பின்னர், 1937 இல் புல்மன் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. இதன் மூலம் ஊதியம் உயர்ந்ததுடன், மாதத்துக்கு ஏறத்தாழ 400 மணித்தியாலமாக இருந்த வேலைநேரம் 240 ஆகக் குறைக்கப்பட்டது. டிப்ஸை நம்பி இருந்த ஊழியர்கள் நிலையான ஊதியத்தைக் கேட்டுப் பெற்ற முக்கிய நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

எதிர்ப்பும் தடைச்சட்டங்களும்

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிப்ஸ் வழக்கத்துக்கு எதிராக வலுவான இயக்கம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. கையேந்தச் செய்யும் வழக்கம் குடிமக்கள் அனைவரும் சமம் என்னும் கொள்கைக்கு முரணானது என்றும், அது ஐரோப்பியப் பிரபுத்துவத்தின் எச்சம் என்றும் இவ்வியக்கத்தினர் வாதிட்டனர். 1916 இல் வில்லியம் ஆர். ஸ்காட் என்பவர், டிப்ஸ் மக்களாட்சிக்குப் பகையானது எனக் கூறும் நூலொன்றை வெளியிட்டார்.

1909 இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. மிசிசிப்பி, ஆர்க்கன்சாஸ், அயோவா, டென்னசி, தென் கரோலினா ஆகிய மாநிலங்களும் அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய சட்டங்களைக் கொண்டுவந்தன. ஆனால் இருவர் கைகளுக்கிடையில் மாறும் சிறு நாணயத்தைக் கண்காணிப்பது எளிதாக இருக்கவில்லை. வாஷிங்டன் தனது சட்டத்தை 1913 இலேயே நீக்கியது. அயோவாவின் சட்டம் 1919 இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. 1926 அளவில் இச்சட்டங்கள் அனைத்தும் இல்லாமற் போயின.

ஒரு காலத்தில் டிப்ஸைத் தமக்கு வழங்கிய ஐரோப்பாவை விட, அதனைத் தடை செய்ய முயன்ற அமெரிக்காவே பின்னர் அவ்வழக்கத்தின் தலைமையிடமாக மாறியது.

சட்டநிலை

குறைந்தபட்ச ஊதியமும் டிப்ஸ் ஈடும்

1938 இல் நியாயத் தொழிற் தரநிலைச் சட்டம் நாடு தழுவிய குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 25 சதம் என முதன்முறையாக நிர்ணயித்தது. விடுதி, உணவக ஊழியர்களுள் பெரும்பாலோர் அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. 1966 இல் செய்யப்பட்ட திருத்தம் அவர்களை உள்ளடக்கியது. ஆனால் அதே திருத்தம் "டிப்ஸ் ஈடு" என்னும் ஏற்பாட்டையும் அறிமுகப்படுத்தியது. இதன்படி, ஊழியர் பெறும் டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியத்தின் பாதி வரை தாம் கொடுத்த ஊதியமாகவே முதலாளி கணக்கில் காட்டலாம்.

1991 இல் குறைந்தபட்ச ஊதியம் 4.25 டாலர் ஆனபோது, அதன் பாதியான 2.13 டாலர் டிப்ஸ் பெறும் ஊழியருக்கான அடிப்படை ஊதியம் ஆயிற்று. 1996 இல் இயற்றப்பட்ட சட்டம் இந்த 2.13 டாலரைக் குறைந்தபட்ச ஊதியத்தில் இருந்து பிரித்து, அத்தொகையிலேயே நிறுத்திவிட்டது. பொதுவான குறைந்தபட்ச ஊதியம் பின்னர் படிப்படியாக உயர்ந்து, 2009 சூலையில் 7.25 டாலர் ஆனபோதும், கூட்டரசுச் சட்டத்தின்படியான 2.13 டாலர் மாறவில்லை.

மாதத்துக்கு 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் பெறும் வேலையில் உள்ளவர் "டிப்ஸ் பெறும் ஊழியர்" என வரையறுக்கப்படுகின்றார். அடிப்படை ஊதியமும் டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலருக்குக் குறையுமானால், அக்குறையை முதலாளி ஈடு செய்தல் வேண்டும்.

கணக்கீட்டு எடுத்துக்காட்டு

வாரத்துக்கு 40 மணித்தியாலம் வேலை செய்யும் ஒருவருக்குக் கூட்டரசுச் சட்டத்தின்படி கிடைப்பது பின்வருமாறு:

- முதலாளி கொடுக்க வேண்டிய அடிப்படை ஊதியம்: 40 × 2.13 = 85.20 டாலர்
- சட்டப்படி கிடைக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை: 40 × 7.25 = 290 டாலர்
- வாரத்தில் 150 டாலர் டிப்ஸ் கிடைப்பின்: மொத்தம் 235.20 டாலர். எஞ்சிய 54.80 டாலரை முதலாளி கொடுக்க வேண்டும்.
- வாரத்தில் 300 டாலர் டிப்ஸ் கிடைப்பின்: மொத்தம் 385.20 டாலர். முதலாளி மேலதிகமாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

இக்கணக்கில், வாடிக்கையாளர்கள் கொடுக்கும் முதல் 204.80 டாலர் ஊழியரின் வருவாயை உயர்த்துவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது முதலாளியின் செலவையே குறைக்கின்றது. டிப்ஸ் ஈட்டை எதிர்ப்போர் முன்வைக்கும் முதன்மையான வாதம் இதுவாகும்.

மாநிலங்களிடையே வேறுபாடு

கூட்டரசுச் சட்டம் கீழெல்லையை மட்டுமே வரையறுக்கின்றது. மாநிலங்கள் அதற்கு மேல் நிர்ணயிக்கலாம். அலாஸ்கா, கலிபோர்னியா, மினசோட்டா, மொன்டானா, நெவாடா, ஓரிகன், வாஷிங்டன் ஆகிய ஏழு மாநிலங்கள் டிப்ஸ் ஈட்டை அனுமதிப்பதில்லை. அங்கே டிப்ஸ் பெறுவோருக்கும் முழுமையான குறைந்தபட்ச ஊதியம் கொடுக்கப்பட வேண்டும்.

தலைநகரான வாஷிங்டன் டி.சி.யில் டிப்ஸ் ஈட்டை நீக்கும் முன்மொழிவு 2018 இல் வாக்காளர்களால் ஏற்கப்பட்டு, அதே ஆண்டில் மாநகர மன்றத்தால் நீக்கப்பட்டது. 2022 இல் வாக்காளர்கள் மீண்டும் அதனை ஏற்றனர். 2025 இல் மன்றம் அதனைத் திருத்தி, ஊதிய உயர்வின் வேகத்தைக் குறைத்தது. சிக்காகோ மாநகரம் ஐந்தாண்டுகளில் படிப்படியாக ஈட்டை நீக்கும் சட்டத்தை 2023 இல் இயற்றியது. 2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் இத்தகைய முன்மொழிவு ஒன்றை நிராகரித்தனர்.

டிப்ஸின் உடைமை

2018 மார்ச்சில் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின்படி, முதலாளிகளும் மேலாளர்களும் மேற்பார்வையாளர்களும் ஊழியர்களின் டிப்ஸை எடுத்துக்கொள்ளலாகாது. டிப்ஸ் ஈட்டைப் பயன்படுத்தாத நிறுவனங்களில், சமையலறை ஊழியர்களையும் உள்ளடக்கிய பொதுத் தொகுப்பில் டிப்ஸைச் சேர்த்துப் பகிர்ந்து கொடுக்கலாம்.

டிப்ஸ் வேறு, சேவைக் கட்டணம் வேறு என்பது சட்டத்தின் நிலைப்பாடு. விலைச்சீட்டில் கட்டாயமாகச் சேர்க்கப்படும் தொகை, அதன் பெயர் எதுவாயினும், கூட்டரசுச் சட்டப்படி நிறுவனத்தின் வருவாயே ஆகும். அதனை ஊழியருக்குக் கொடுப்பதும் கொடாததும் நிறுவனத்தின் விருப்பம். சில மாநிலங்கள் மட்டும் இதில் கடுமையான விதிகளைக் கொண்டுள்ளன. விடுதிகள் அறை வாடகையுடன் சேர்த்து அறவிடும் "ரிசார்ட் கட்டணம்" போன்றவையும் டிப்ஸ் அல்ல. அவற்றைச் செலுத்திய விருந்தினர், அறையைத் துப்புரவு செய்தவருக்கு ஏதோ ஒரு பங்கு சென்றிருக்கும் என எண்ணிக்கொள்வது பெரும்பாலும் தவறாகும்.

வரி

டிப்ஸ் வருமானமாகவே கருதப்படுகின்றது. ஒரு வேலையில் மாதத்துக்கு 20 டாலர் அல்லது அதற்கு மேல் டிப்ஸ் பெறுபவர், அடுத்த மாதம் 10 ஆம் திகதிக்குள் முதலாளிக்கு அதனை அறிவித்தல் வேண்டும். 2025 சூலை 4 அன்று கையொப்பமிடப்பட்ட சட்டம், 2025 முதல் 2028 வரையான வரி ஆண்டுகளில், ஆண்டுக்கு 25,000 டாலர் வரையான டிப்ஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள அனுமதித்தது. வருமானம் 150,000 டாலரைத் தாண்டும் தனிநபருக்கு இக்கழிவு குறைகின்றது. சமூகப் பாதுகாப்பு வரிக்கு இச்சலுகை இல்லை. வருமான வரி செலுத்தும் அளவுக்கு வருவாய் இல்லாத ஊழியருக்கு இதனால் பயன் எதுவும் இல்லை என்பது இச்சட்டத்தின் மீதான விமர்சனங்களுள் ஒன்றாகும்.

விடுதி அறைப் பணியாளர்கள்

பணியின் தன்மை

விடுதிகளின் "ஹவுஸ்கீப்பிங்" பிரிவில் பணியாற்றுவோருள் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். இவர்களுள் புலம்பெயர்ந்து வந்தோர் கணிசமானோர். பல விடுதிகளில் ஒருவருக்கு எட்டு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 15 அறைகள் ஒதுக்கப்படுகின்றன. இடைவேளைகளைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், ஓர் அறைக்கு 32 நிமிடங்களே கிடைக்கும். இதற்குள் படுக்கை விரிப்புக்களை மாற்றுதல், குளியலறையைத் தேய்த்துக் கழுவுதல், தரைவிரிப்பைத் தூசு உறிஞ்சியால் துப்புரவு செய்தல், துண்டுகளையும் சவர்க்காரத்தையும் மாற்றி வைத்தல் ஆகியவை முடிய வேண்டும்.

கனமான மெத்தைகளைத் தூக்குவதாலும் தொடர்ந்து குனிவதாலும் முதுகு, தோள், மணிக்கட்டு ஆகியவற்றில் காயங்கள் ஏற்படுகின்றன. அமெரிக்க விடுதித் தொழிலில் ஏற்படும் காயங்கள் பற்றி 2010 இல் வெளியான ஆய்வொன்று, விடுதி ஊழியர்களுள் அறைப் பணியாளர்களே மிகுந்த காய வீதத்தைக் கொண்டிருந்தனர் எனக் கண்டது. கலிபோர்னியா மாநிலம் இவர்களின் தசை, எலும்புக் காயங்களைத் தடுப்பதற்கெனத் தனியான விதியை வகுத்தது. அது 2018 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது.

கொடுக்கப்படாமைக்கான காரணங்கள்

உணவு பரிமாறுபவருக்குத் தவறாமல் டிப்ஸ் கொடுப்பவர்களிலும் பலர் அறைப் பணியாளருக்குக் கொடுப்பதில்லை. இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன.

- பணியாளரை விருந்தினர் நேரில் காண்பதில்லை. விருந்தினர் வெளியில் சென்றிருக்கும் வேளையிலேயே துப்புரவு நடைபெறுகின்றது. எனவே கொடாதவர் எவருடைய முகத்தையும் எதிர்கொள்ள வேண்டியதில்லை.
- விலைச்சீட்டில் அதற்கென இடம் இல்லை. உணவகத்தின் சீட்டில் டிப்ஸுக்கு ஒரு வரி உண்டு. விடுதியின் சீட்டில் பெரும்பாலும் இல்லை.
- துப்புரவான அறை என்பது வாடகையிலேயே அடங்கியது என்னும் எண்ணம் நிலவுகின்றது.
- கையில் பணத்தாள் வைத்திருக்கும் பழக்கம் குறைந்துவிட்டது. சில விடுதிகள் அறைகளில் கியூ.ஆர். குறியீட்டு அட்டைகளை வைத்து இதற்கு மாற்று வழி செய்துள்ளன.
- வணிகப் பயணம் செய்வோர் பற்றுச்சீட்டு இல்லாத செலவைத் திரும்பப் பெற இயலாது என எண்ணுகின்றனர். எனினும் கூட்டரசு ஊழியர்களுக்கான நாட்படியில் விடுதி ஊழியர்களுக்குக் கொடுக்கும் டிப்ஸ் சில்லறைச் செலவுகளின் கீழ் ஏற்கெனவே அடங்கியுள்ளது.

கொடுக்கும் முறை

அமெரிக்க விடுதிச் சங்கம் இரவொன்றுக்கு 1 முதல் 5 டாலர் வரை கொடுக்குமாறு பரிந்துரைத்துள்ளது. ஒழுங்கு நடைமுறைகள் பற்றிய வழிகாட்டிகளை வெளியிடும் எமிலி போஸ்ட் நிறுவனம் நாளொன்றுக்கு 2 முதல் 5 டாலர் எனக் குறிப்பிடுகின்றது. இரு அமைப்புக்களும் பின்வரும் நடைமுறையில் ஒத்துப்போகின்றன: பணத்தைக் கடைசி நாளில் மொத்தமாக வைக்காமல், நாள்தோறும் வைத்தல் வேண்டும். ஓர் அறையை ஒவ்வொரு நாளும் ஒரே பணியாளர் துப்புரவு செய்வதில்லை என்பதே இதற்குக் காரணம். ஐந்து நாள் தங்கியவர் இறுதியில் வைக்கும் பணம், முதல் நான்கு நாட்களும் வேலை செய்தவருக்குக் கிடைக்காமல், ஐந்தாம் நாள் வந்தவருக்குச் செல்லக்கூடும்.

பணத்துடன் ஒரு குறிப்பு இருப்பதும் இன்றியமையாதது. மேசை மீது கிடக்கும் பணத்தை விருந்தினர் மறந்து வைத்துச் சென்றதாகவும் கொள்ளலாம். அதனை எடுத்தால் திருட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி வேலையை இழக்க நேரிடும் என்னும் அச்சத்தால் பணியாளர்கள் அதனைத் தொடாது விட்டுவிடுவது உண்டு. எனவே உறையில் இட்டு, "அறைப் பணியாளருக்கு, நன்றி" என எழுதி, தலையணை மீதோ மேசை மீதோ கண்ணில் படுமாறு வைப்பது நல்லது. பிறநாட்டு நாணயங்களை வங்கிகளும் நாணய மாற்று நிலையங்களும் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆதலால் அவற்றை வைப்பதால் பணியாளருக்குப் பயனில்லை.

ஒருவர் ஒரு நாளில் 15 அறைகளைத் துப்புரவு செய்து, ஒவ்வோர் அறையிலும் 2 டாலர் கிடைக்குமானால், அது 30 டாலர் ஆகும். மூன்றில் ஓர் அறையில் மட்டும் கிடைக்குமானால் 10 டாலர். விருந்தினருக்குச் சிறிதாகத் தோன்றும் தொகை, ஊழியரின் நாள் வருவாயில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஏற்படுத்துவதை இது காட்டுகின்றது.

உறை தொடர்பான சர்ச்சை

2014 செப்டெம்பரில் மாரியட் நிறுவனம், ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தனது விடுதிகளின் 160,000 க்கும் மேற்பட்ட அறைகளில் அறைப் பணியாளருக்கு டிப்ஸ் இடுவதற்கான உறைகளை வைக்கும் திட்டத்தை அறிவித்தது. மரியா ஷ்ரைவர் தொடங்கிய பெண்கள் அமைப்பு ஒன்றுடன் இணைந்து இது செயற்படுத்தப்பட்டது. கண்ணில் படாத ஊழியர்களை விருந்தினருக்கு நினைவூட்டும் முயற்சி என ஒரு சாரார் இதனை வரவேற்றனர். ஊழியரின் ஊதியத்தை உயர்த்துவதற்கு மாறாக, அப்பொறுப்பை விருந்தினர் மீது சுமத்துவதாக மறுசாரார் கண்டித்தனர்.

2018 இன் இறுதியில், இதே நிறுவனத்தின் பெயரில் இயங்கிய விடுதிகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் எட்டு நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தனர். யுனைட் ஹியர் என்னும் தொழிற்சங்கம் நடத்திய இப்போராட்டத்தின் முழக்கம், வாழ்வதற்கு ஒரு வேலையே போதுமானதாக இருக்க வேண்டும் என்பதாகும். அவர்கள் கேட்டது கூடுதல் டிப்ஸ் அல்ல. கூடுதல் ஊதியமும் பாதுகாப்பான பணிச்சூழலுமே.

கோவிட்-19 பெருந்தொற்றுக்குப் பின்

2020 இல் கோவிட்-19 பரவியபோது, விடுதிகள் நாள்தோறும் அறையைத் துப்புரவு செய்வதை நிறுத்தின. பின்னரும் பல விடுதிகள், விருந்தினர் கேட்டால் மட்டுமே இடைநாட்களில் துப்புரவு செய்யும் முறையைத் தொடர்ந்தன. இதனால் வேலைநேரம் குறைந்ததுடன், பல நாட்கள் துப்புரவு செய்யப்படாத அறையை ஒரே தடவையில் சீர்செய்யும் கடினமும் ஏற்பட்டது. நாள்தோறும் டிப்ஸ் வைக்க வேண்டும் என்னும் பழைய அறிவுரையும் இவ்விடுதிகளில் பொருந்தாமற் போயிற்று. இத்தகைய இடங்களில், துப்புரவு செய்யப்படும் நாளிலும் புறப்படும் நாளிலும் வைப்பது ஏற்றதாகும்.

பிற சேவைகள்

ஐக்கிய அமெரிக்காவில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் அளவுகள் பின்வருமாறு:

- மேசையில் பரிமாறும் உணவகம்: விலையில் 15 முதல் 20 விழுக்காடு
- மது அருந்தகம்: பானம் ஒன்றுக்கு 1 அல்லது 2 டாலர்
- வாடகைச் சீருந்து: கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு
- விடுதியில் பொதி தூக்குபவர்: பொதி ஒன்றுக்கு 1 அல்லது 2 டாலர்
- வாகனத்தை நிறுத்தி எடுத்துத் தருபவர்: 2 முதல் 5 டாலர்
- சிகை அலங்கரிப்பவர்: 15 முதல் 20 விழுக்காடு

அண்மைக் காலத்தில் தொடுதிரைக் கருவிகளின் வரவால் டிப்ஸ் கேட்கப்படும் இடங்கள் பெருகியுள்ளன. முகப்பில் நின்று காப்பி வாங்கினாலும், 15, 20, 25 விழுக்காடு எனத் தெரிவுகள் திரையில் தோன்றுகின்றன. 2023 இல் பியூ ஆய்வு மையம் நடத்திய கருத்தாய்வில், ஐந்தாண்டுகளுக்கு முன்னரை விடக் கூடுதலான இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதாக 72 விழுக்காட்டினர் கூறினர். அமர்ந்து உண்ணும் உணவகங்களில் எப்போதும் அல்லது அடிக்கடி டிப்ஸ் கொடுப்பதாக 92 விழுக்காட்டினர் தெரிவித்தனர்.

ஆய்வுகள்

டிப்ஸ் நல்ல சேவைக்கான ஊக்கம் எனப் பொதுவாக நம்பப்படுகின்றது. ஆனால் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் லின் முதலானோரின் ஆய்வுகள், சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் இடையிலான தொடர்பு மிகவும் நலிவானது எனக் காட்டியுள்ளன. விலையின் அளவே டிப்ஸின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. சேவையுடன் தொடர்பற்ற சிறு செயல்களும் விளைவை ஏற்படுத்துகின்றன. விலைச்சீட்டுடன் இனிப்புக் கொடுப்பது டிப்ஸைக் கூட்டுவதாக 2002 இல் வெளியான ஆய்வொன்று கண்டது.

இனப் பாகுபாடும் இதில் காணப்படுகின்றது. நியூ ஹேவன் நகரில் வாடகைச் சீருந்து ஓட்டுநர்கள் பற்றி 2005 இல் வெளியான ஆய்வு, கறுப்பின ஓட்டுநர்கள் வெள்ளையின ஓட்டுநர்களை விடக் குறைந்த டிப்ஸ் பெற்றதை எடுத்துக்காட்டியது. 2008 இல் வெளியான உணவக ஆய்வொன்றும் இதனை ஒத்த முடிவைக் கண்டது. ஒரே வேலைக்கு ஊழியரின் நிறத்தைப் பொறுத்து முதலாளி வெவ்வேறு ஊதியம் கொடுப்பது சட்டவிரோதமானது. வாடிக்கையாளர் அவ்வாறு கொடுப்பதைத் தடுக்க வழியில்லை.

கருத்து வேறுபாடுகள்

ஆதரவான வாதங்கள்

- டிப்ஸ் பெறுவோருள் பலர், குறிப்பாகப் பெருநகர உணவகங்களில் பரிமாறுவோர், நிலையான ஊதியத்தில் கிடைக்கக்கூடியதை விடக் கூடுதலாகச் சம்பாதிக்கின்றனர்.
- டிப்ஸ் ஈடு நீக்கப்பட்டால் விலை உயரும் அல்லது வேலைவாய்ப்புக் குறையும் என உணவக உரிமையாளர்கள் கூறுகின்றனர்.
- இப்போதைய முறை நிலவும் வரை, டிப்ஸ் கொடாமை முதலாளியைப் பாதிக்காமல் ஊழியரையே பாதிக்கின்றது.

எதிரான வாதங்கள்

- ஊழியரின் வருவாய் நாளுக்கு நாள் மாறுபட்டு, திட்டமிட இயலாததாகின்றது.
- வாடிக்கையாளரின் தகாத நடத்தையையும் பாலியல் தொல்லையையும் சகித்துக்கொள்ள வேண்டிய நிலை ஊழியருக்கு ஏற்படுகின்றது.
- கண்ணுக்குத் தெரியும் ஊழியர் பயன்பெற, அறைப் பணியாளர், பாத்திரம் கழுவுபவர் போன்றோர் விடுபட்டுப் போகின்றனர்.

டிப்ஸை முற்றாக நீக்கும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன. 2015 இல் நியூயோர்க்கின் புகழ்பெற்ற உணவக உரிமையாளர் டேனி மேயர், தமது உணவகங்களில் டிப்ஸை நீக்கி, விலையை உயர்த்தி, ஊழியர்களின் ஊதியத்தைக் கூட்டினார். பரிமாறுவோர் சிலர் வருவாய் குறைந்ததால் விலகினர். 2020 இல் அவர் இம்முயற்சியைக் கைவிட்டார். ஒரு நிறுவனம் மட்டும் தனித்து இம்முறையை மாற்றுவது கடினம் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகின்றது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. மேசையில் விட்டுச்சென்ற பணத்தை ஊழியர் பின்தொடர்ந்து வந்து திருப்பிக் கொடுப்பதும் உண்டு. பிரான்சில் 1987 முதல் சேவைக்குரிய தொகை விலையிலேயே உள்ளடக்கப்பட்டுக் காட்டப்பட வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில், டிப்ஸ் முழுவதையும் ஊழியர்களுக்கே பகிர்ந்தளிக்குமாறு வேண்டும் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டு, 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்நாடுகளில் இருந்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்வோர் தமது நாட்டு வழக்கப்படி டிப்ஸ் கொடாது விடுவதும், அமெரிக்கர் பிற நாடுகளில் தேவையின்றிக் கொடுப்பதும் பரவலாகக் காணப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

- குறைந்தபட்ச ஊதியம்
- சேவைக் கட்டணம்
- தொழிற்சங்கம்
- ஏ. பிலிப் ராண்டால்ஃப்
- தங்கும் விடுதி